பலாமரத்தில் ஒரு கறுப்புக் கூடு

நிமிர்ந்து பார்த்தவள் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன்.

பலாமரத்தில், மூன்று ஆள் உயரத்தில், கிளை பிரிகிற இடத்தில் கறுப்பாக ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. சோற்றுப் பானை பருமன். பக்கவாட்டில் வட்டமாக ஒரு ஓட்டை. குளவிக்கூடேதான். போன மாதமும் இதே மரத்தடிக்கு வந்திருக்கிறேன். அப்போது நான் நிமிர்ந்தே பார்த்திருக்க மாட்டேன். காய் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும்போது ஆகாயத்தை யார் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை அது. வெயில் காலம் தொடங்கியிருந்தது. மத்தியானக் கறிக்கு ஒரு பிஞ்சுப் பலாக்காய் வெட்டிக்கொண்டு போகலாமென்று, கையில் கத்தியும் தோளில் ஒரு ஆரஞ்சு நிறத் துண்டுமாக வந்திருந்தேன். அந்தப் பிஞ்சுக் கறியை இங்கே பொலொஸ் என்போம், அதென்றால் எனக்குக் கொஞ்சம் பேராசை. தேங்காய்ப்பாலில் அது வேகிற வாசத்துக்கு நான் காட்டுக்குள் மட்டுமில்லை, எங்கே வேண்டுமானாலும் போவேன்.

இலங்கை மலைநாட்டில், வலப்பனைப் பக்கம் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். ஐந்தாம் நம்பர் மலைக்கு மேலே ஒரு காட்டுத்துண்டு. தேயிலை நட்ட நிலத்தைத்தான் இங்கே மலை என்போம், நம்பர் போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் காட்டுக்குள் எப்போதோ ஒரு லயம், தொழிலாளர் வரிசை வீடு, இருந்ததாம். லயம் போய்விட்டது, லயத்துக்காரர்கள் நட்ட பலாமரம் மட்டும் நிற்கிறது.

பயத்திலும் போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். இது இந்தக் காலத்து வியாதி, எனக்கும் உண்டு. பிறகு சத்தம் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து, காட்டுப்பாதை தேயிலையில் இறங்குகிற இடத்துக்கு வந்து, அங்கே நின்ற கொய்யாச் செடியில் என் ஆரஞ்சுத் துண்டைக் கட்டினேன். முடிச்சை இறுக்கி இறுக்கிப் போட்டேன். காய் வெட்டாமலேயே வீட்டுக்குப் போனேன்.

துண்டு கட்டினால் கட்டினதுதான்

குளவியென்றால் தோட்டத்தில் யாரும் விளையாட மாட்டார்கள். சிறுத்தை வந்தால்கூட நாலு பேர் எட்டிப் பார்க்கப் போவார்கள். குளவிக்கூடு என்று சொல்லிப் பாருங்கள், ஊரே அடங்கிவிடும்.

அதற்காக எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கூட்டைப் பார்த்தவர் அந்தப் பாதை வாயில் துணி கட்ட வேண்டும். கட்டிவிட்டு, வேலையை மேற்பார்க்கிற கங்காணியிடம் சொல்ல வேண்டும். துணி தொங்குகிற வரைக்கும் பக்கத்து மலையில் ஒரு பெண்ணும் கொழுந்து எடுக்க இறங்க மாட்டாள்.

கட்டுவது யார் வேண்டுமானாலும் கட்டலாம். அவிழ்ப்பதற்குத்தான் சட்டம். கடைசியாகக் குளவிக் கொட்டு வாங்கியவர் யாரோ, அவர் நேரில் போய்ப் பார்த்து, "இனிப் பயமில்லை" என்று சொல்லித் தன் கையால் அவிழ்க்க வேண்டும். தோட்டத்தை நிர்வகிக்கிற தொரையே வந்து சொன்னாலும் செல்லாது. யார் போட்ட சட்டமென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பட்டவருக்குத்தானே வலி தெரியும், அந்த நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் கடைசியாகக் கொட்டு வாங்கியவர் என் அண்ணன் பெண்சாதி, பாக்கியம் மதினி.

என் வாய் செய்த வேலை

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு நோய் வரும். எது கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும். தெரியாது என்று சொன்னால் கிரீடம் இறங்கிவிடும் என்று ஒரு நினைப்பு.

போன வருஷம், மழை விட்ட ஒரு நாளில், மதினி என்னிடம் கேட்டார். "ஏம்மா சரோ, அஞ்சாம் நம்பர்ல குளவி பறக்குதுங்கிறாளுக. நாளைக்கு அங்கதான் கொழுந்து. போகவா, வேணாமா?"

நான் அன்று பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. "நாம சீண்டாம அது ஒன்னும் செய்யாதுங்க மதினி. அதுவும் ஒரு பூச்சிதானே. தைரியமா போங்க" என்றேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் லொறி நின்றது. மதினியை அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முகத்தில் கண் எங்கே மூக்கு எங்கே என்று தெரியவில்லை. கொழுந்துக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குந்தியதால்தான் பிழைத்தார் என்றார்கள். நாலு நாள் ஆஸ்பத்திரி. நான் நாலு நாளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மதினி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் ஐந்தாம் நம்பர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சுப்பையா கங்காணியிடம் கேட்டு ஆற்றோரத்து மலைக்கு மாறிக்கொண்டார். கடைக்குப் போவதென்றாலும் காட்டோரப் பாதையை விட்டு ரோட்டைச் சுற்றித்தான் போவார். புல்வெட்டுகிற மெஷின் சத்தம் கேட்டாலே முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார்.

இன்னொன்றும் நடந்தது. என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் மின்னல் ஏன் வெட்டுது, நிலா ஏன் கூடவே வருது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கு எதையும் அறிய வேண்டும். அந்த வாயை நான்தான் அடைத்துவிட்டேன்.

இப்போது விளங்குகிறதா, நான் ஏன் கறுப்பாக ஒன்றைப் பார்த்ததும் ஓடிப்போய்த் துண்டைக் கட்டினேன் என்று? சூடு கண்ட பூனை.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தது

கங்காணியிடம் சொன்னேன். அவர் உடனே ஆள் பார்த்துவிட்டார். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரம், இரண்டு பேர் பந்தம் கட்டிக்கொண்டு போய்க் கூட்டைக் கொளுத்துவதாக ஏற்பாடு.

ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டே போனில் அந்தப் படத்தை எடுத்தேன். இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கினேன். குளவிக்கூடென்றால் மேலே நாலு குளவியாவது உட்கார்ந்திருக்க வேண்டுமே? ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, மரத்தடியில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

இன்னும் பெரிதாக்கினேன். கிளை நெடுக மிளகு கொட்டிய மாதிரிப் புள்ளிகள். வரிசையாக. எறும்பு.

எறும்பு எனக்குப் புதிதா? லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில், பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் சீனி போட்ட தகரப் பேணி எப்போதும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்தான் நிற்கும். அப்படியும் எப்படியோ நாலு உள்ளே போய்விடும். அம்மா தேத்தண்ணியில் மிதக்கிறதை விரலால் தள்ளிவிட்டு, "எறும்பு தின்னா கண்ணு நல்லா தெரியும், குடி" என்பார். நான் இந்த வயதில் கண்ணாடி போட்டிருக்கிறேன். எத்தனை எறும்பு தின்றேனோ, பலனில்லை.

ஆனால் எறும்பு மண்ணுக்குள் வீடு கட்டும் என்றுதான் நானும் படித்தேன், பிள்ளைகளுக்கும் சொன்னேன். மரத்தில் பானை அளவு கூடு கட்டும் எறும்பு என் வீட்டிலிருந்து அரை மணி நேர நடையில் இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது, உடனே ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

திங்கட்கிழமை கண்டது

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே போனேன். என் துண்டு என்னையே தடுக்கிற மாதிரிக் கொய்யாச் செடியில் தொங்கியது. அதைத் தாண்டிப் போக, சொன்னால் சிரிப்பீர்கள், மூன்று தடவை திரும்பி வந்தேன்.

எறும்புதான். சின்னது, கறுப்பு. கூட்டை எதைக் கொண்டு கட்டியிருந்தன என்று உற்றுப் பார்த்தேன். காய்ந்த பட்டை, இலைத்தூள் எல்லாவற்றையும் மென்று குழைத்துப் பூசியது போலிருந்தது. ஒரு குச்சியால் அடிமரத்தை லேசாகத் தட்டினேன். உடனே அத்தனையும் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றன. கோபம் வந்தால் அப்படி நிற்கும் போல. என் வகுப்பில் சிலர் அப்படித்தான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு மரங்கொத்தி வந்தது. செங்கல் நிறம், சிறகில் கறுப்பு வரி. கிளையில் தொற்றி, இரண்டு தாவு தாவி, நேரே அந்த ஓட்டைக்குள் தலையை விட்டது. உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம்.

குஞ்சு. எறும்புக் கூட்டுக்குள் குருவிக் குஞ்சு. தட்டினால் சண்டைக்கு வருகிற அந்த எறும்புகள், நடுவீட்டில் குடியிருக்கிற குஞ்சுகளைத் தொடவில்லை. குருவியின் வாலில் ஏழெட்டு ஏறி ஓடின. அது சட்டை பண்ணவேயில்லை. தன் பாட்டுக்கு வந்தது, ஊட்டியது, போனது.

கழுத்து வலிக்கிற வரைக்கும் நின்று பார்த்தேன். பிறகுதான் நெஞ்சில் உறைத்தது. நாளைக்கு இதைக் கொளுத்தப் போகிறார்கள். குஞ்சோடு சேர்த்துக் கொளுத்தப் போகிறார்கள். காரணம் என் துண்டு.

கங்காணியின் பதில்

சுப்பையா கங்காணி தன் வீட்டு வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, நிதானமாகக் கேட்டார். "டீச்சர், துண்டு கட்டுனது யாருங்க?"

"நான்தாங்க."

"குளவின்னு சொன்னது?"

"நான்தாங்க."

"இன்னைக்கு எறும்புங்கிறீங்க. நாளைக்கு என்னா சொல்லுவீங்கன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் என்ன தப்பு? படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எறும்பு மாதிரித்தாங்க இருக்கு. ஆனா நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஏதாச்சும் ஒன்னுன்னா போன் படத்தையா காட்டுறது? பாக்கியம் வந்து பாத்து அவுக்கட்டும். நான் பந்தத்தத் தண்ணியில போடுறேன். இல்லாட்டி நாளைக்குக் கொளுத்துறதுதான்."

மதினியா? காட்டோரப் பாதையிலேயே கால் வைக்காத மதினியா? அதுவும் நான் கூப்பிட்டு?

மதினி கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை மதினி வேலை முடிந்து வருகிற வரைக்கும் லயத்து வாசலில் காத்திருந்தேன். கூடையை இறக்கி வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து உதறினார். நான் விஷயத்தைச் சொன்னேன். முடிக்க விடவில்லை.

"நான் வரல."

"மதினி, அது எறும்புங்க."

"நீ போன வருஷமும் பூச்சிதானேன்னு சொன்ன."

ஒரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து அது வந்தது. குரலை உயர்த்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சொன்னேன் மதினி. தப்புத்தான். தெரியாமத்தான் சொன்னேன்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்திருக்கிறது, பாருங்கள்.

அவர் கால் கழுவப் போனார். நான் போனைத் திண்டின் மேல் வைத்துவிட்டு நின்றேன். திரும்பி வந்தவர், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார்.

"அதென்னா ஓட்டை?"

"மரங்கொத்தி. உள்ள குஞ்சு இருக்குங்க."

"எறும்புக் கூட்டுக்குள்ளயா? யாருக்குக் காது குத்துற?"

"என் கண்ணால பாத்தேங்க."

போனைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். "சரி. குஞ்சு ரெக்கையில்லாம கெடக்கும். எறும்பு ஏன் அதத் திங்காம விடுது?"

நாக்கு நுனியில் எனக்கு மூன்று பதில் இருந்தது. குருவியின் வாசம் பழகியிருக்கலாம். ஏதோ ஒப்பந்தம் இருக்கலாம். நன்றாக ஜோடித்துச் சொல்லியிருப்பேன், இருபது வருஷப் பழக்கம். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"தெரியலைங்க மதினி."

மதினி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஒனக்கா தெரியல?"

"எனக்குத்தாங்க. நெசமா தெரியல."

போனை என் கையில் கொடுத்தார். பிறகு உதறி வைத்த படங்கை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"நட. போய்ப் பாப்போம்."

படங்குக்குள்ளிருந்து

பாதையில் மதினி என் முழங்கையைப் பிடித்திருந்தார். கொய்யாச் செடி கிட்டே வந்ததும் பிடி இறுகியது. இன்றைக்கும் அந்த இடத்தில் நகம் பதிந்த தடம் இருக்கிறது என்று நான் சொன்னால், "பொய்யி" என்பார்.

துண்டைத் தாண்டும்போது அவர் நின்றுவிட்டார். காது கொடுத்துக் கேட்டார். நானும் கேட்டேன். கீழே எங்கோ ஓடைச் சத்தம். வேறொன்றுமில்லை. நான் இழுக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. அவராகத்தான் அடுத்த அடி வைத்தார்.

பலாமரத்துக்குப் பத்தடி தள்ளி நின்றோம். மதினி படங்கை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். எனக்கும் பயம்தான். குருவி வரவில்லையென்றால்? வருவதற்குள் இவர் திரும்பி ஓடிவிட்டால்?

திடீரென்று என் காலில் நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. நான் மேலேயே பார்த்துக்கொண்டு எறும்பு வரிசையின் மேல் ஏறி நின்றிருக்கிறேன். பாவாடைக்குள் ஏறிவிட்டது. குதித்தேன், உதறினேன், ஒரு செருப்பு எங்கோ பறந்தது. சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு டீச்சர் ஆடிய ஆட்டத்தை நல்லவேளை என் பிள்ளைகள் யாரும் பார்க்கவில்லை.

படங்குக்குள்ளிருந்து ஒரு சத்தம். அழுகிறாரோ என்று பயந்து திரும்பினேன். மதினி சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. படங்கு தோளுக்கு இறங்கிவிட்டது. "எறும்புதான்" என்றார். "நல்லா தெரியுது, எறும்புதான்."

அந்த நேரம் பார்த்துக் குருவி வந்தது.

மதினி சிரிப்பை நிறுத்திவிட்டார். அது தாவி ஏறியதை, ஓட்டைக்குள் தலையை விட்டதை, உள்ளே கீச்சிட்டதை எல்லாம் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். அது போனபிறகும் அந்த ஓட்டையையே பார்த்தார். "இன்னொருக்கா வரும்" என்று அவரே சொல்லிக்கொண்டு, ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டார். மூன்று தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் வாலில் எத்தனை எறும்பு ஏறுகிறதென்று எண்ணினார்.

கீழே ஆள் பேச்சுக் கேட்டது. சுப்பையா கங்காணியும், பந்தத்தோடு இரண்டு பேரும் கொய்யாச் செடி கிட்டே நின்றார்கள். இன்னும் பற்ற வைக்கவில்லை. மதினி எழுந்து பாதையில் இறங்கிப் போனார். படங்கு பலாமரத்து வேரிலேயே கிடந்தது. நான்தான் பிறகு எடுத்துக்கொண்டு போனேன்.

"பாத்தியா பாக்கியம்?" என்றார் கங்காணி.

"பாத்தேங்க. குளவி இல்ல. உள்ள குஞ்சு இருக்கு, நெருப்பக் காட்டாதீங்க."

சொல்லிவிட்டு முடிச்சை அவிழ்க்கப் போனார். நான் பயத்தில் இறுக்கிக் கட்டியது, லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். துண்டை என் தோளில் போட்டார்.

புதன்கிழமைப் பெரட்டு

காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் பெரட்டுக் களம். அங்கே கூடித்தான் அன்றன்றைய வேலை பிரிப்பார்கள். வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். கங்காணி ஐந்தாம் நம்பருக்கு ஆள் கூப்பிட்டார். துண்டு அவிழ்த்தது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் முன்னால் வரவில்லை.

ஆற்றோரத்து மலைக்குப் போகிற கூட்டத்திலிருந்து மதினி விலகி வந்தார்.

"காட்டோரத்து நிரைய எனக்குக் குடுங்க, கங்காணி."

சுப்பையா கங்காணி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "கடைசி நிரையா?"

"அதுதாங்க. பலாமரத்துக்குக் கீழ உள்ளது."

என்னைத் தாண்டிப் போகும்போது மதினி நின்றார். கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு, ஒரு வருஷமாகக் கேட்காத குரலில் கேட்டார். "ஏம்மா சரோ, அந்தக் குஞ்சு பெருசாகி வெளிய வந்தா, எறும்பு அதுக்குப் பின்னாடியும் அத ஞாபகம் வச்சிருக்குமா?"

தெரியாது என்றேன். தானே பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மதினி மலையேறினார். மற்றப் பெண்களும் கூடையை மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்கள்.